கண்ணளவுக்காரரும் அகலத் திரையும்

“தையலுக்கு உள்ளே உபரித் துணி விடுறவன் யாரு? பயந்தாங்கொள்ளி! தன் கண்ணு மேல தனக்கே நம்பிக்கை இல்லாதவன். நான் விடமாட்டேன். ஒரு நூல் அகலம் கூட விடமாட்டேன். என் கண்ணு ஒரு தடவை பார்த்தா, அதுதான் அளவு. பிரிச்சு விடுற வேலையெல்லாம் தப்பா வெட்டுறவனுக்குத்தான்!”

எங்கள் தெருத் தையல்காரர் இதைத் தம் கடை வாசலில் நின்றுகொண்டு, வாயில் இரண்டு குண்டூசிகளைக் கடித்தபடி முழங்கினார். குண்டூசிகள் விழவில்லை. அதையே ஒரு சான்றாக எடுத்துக்கொண்டு கூட்டம் கலைந்தது.

தையல் அறியாதவர்களுக்காக ஒரு விளக்கம். உலகத்தில் உள்ள மற்ற தையல்காரர்கள் எல்லாம் சட்டையின் பக்கத் தையலுக்குள் கொஞ்சம் துணியை மடித்து மறைத்து வைப்பார்கள். உடுத்துகிறவர் பின்னால் சற்றுப் பருத்தால், தையலைப் பிரித்து அந்தத் துணியை வெளியே விட்டு மறுபடி தைத்துக் கொடுக்கலாம். நம்மவர் இதை வாடிக்கையாளருக்குச் செய்யும் அவமரியாதை என்று கருதினார். “நீ குண்டாகத்தான் போறேன்னு மனசுக்குள்ள நினைச்சுக்கிட்டே தைக்கிறது என்ன மரியாதை?” என்பார். அளவு நாடா அவர் கழுத்தில் எப்போதும் தொங்கும். ஆனால் அது ஒரு பதவிச் சின்னம். மேயர் மாலை போல. அளப்பது கண்தான். நீங்கள் வாசற்படியிலிருந்து உள்ளே வந்து நிற்பதற்குள் உங்கள் தோள், மார்பு, இடுப்பு எல்லாம் அவருக்குள் பதிவாகிவிடும். தெரு அவரைக் கண்ணளவுக்காரர் என்று அழைத்தது. வயிற்றெரிச்சலோடு ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது: பல வருடங்கள் அந்தக் கண் தப்பவே இல்லை.

அப்புறம்தான் பிளாஸ்மா வந்தது.

தெருவிலேயே முதல் அகலத் திரைத் தொலைக்காட்சி அது. கட்டிலைக் கொண்டுவருவது போல நாலு பேர் தூக்கி வந்தார்கள். படுக்கவைக்கக் கூடாதாம், கண்ணாடி விரிசல் விடுமாம். அதனால் வண்டியிலும் நின்றுகொண்டே பயணம் செய்து, நின்றுகொண்டே வீட்டுக்குள் நுழைந்தது. முன்னறை கடை, பின்னறைகள் வீடு என்று இருந்த இடத்தில் அதை எங்கே வைப்பது என்ற கேள்வியை அவர் மனைவி அப்போதுதான் கேட்டார்.

“சுவர்ல மாட்டலாம்” என்றார் கண்ணளவுக்காரர்.

எதிர்வீட்டு லிஃப்ட் மெக்கானிக் சுவரைத் தட்டிப் பார்த்தார். பாரம் தூக்குவதைப் பற்றி அவருக்குத் தெரியும். “மாட்டலாம் அண்ணே. ஆனா சுவரும் சேர்ந்து கீழே வந்து படம் காட்டும்.”

அந்தக் கனத்தைத் தாங்கும் ஒரே பொருள் வீட்டில் துணி வெட்டும் மேசைதான். பிளாஸ்மா மேசை மேல் ஏறியது. தையல்காரர் தரைக்கு இறங்கினார். அன்று முதல் தரையில் துணியை விரித்து, முழங்காலிட்டு வெட்டினார். முழங்கால் வலிக்கவில்லையா என்று யாராவது கேட்டால், “தரையில வெட்டினா துணி தூங்கும். தூங்குற துணிதான் பேச்சைக் கேட்கும்” என்பார். இதற்கு மறுமொழி சொல்லும் அளவுக்குத் தெருவில் எவருக்கும் துணி சாஸ்திரம் தெரியாது.

கொண்டுவந்தவர்களில் ஒருவர் கம்பிகளை இணைத்துப் படத்தை வரவழைத்தார். படம் நடுவில் சதுரமாக நின்றது. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டைகள்.

“இது என்ன?”

“சேனல்காரங்க இன்னும் பழைய சைஸ்லதான் அனுப்புறாங்க சார். படம் சதுரம், திரை அகலம். அதனால ரெண்டு பக்கமும் காலியா இருக்கும்.”

“காலியா இருக்குமா? நான் முழு டிவி வாங்கினேனா, முக்கால் டிவி வாங்கினேனா?”

“ரிமோட்ல இந்தப் பட்டனை அமுக்கினா இழுத்து நிறைக்கும். ஆனா…”

“அமுக்கு.”

“ஆளுங்க கொஞ்சம்…”

“அமுக்குப்பா!”

அமுக்கினார். செய்தி வாசித்துக்கொண்டிருந்த பெண்மணி ஒரே நொடியில் இடமும் வலமும் பரவித் திரையின் இரு ஓரங்களையும் தொட்டார். கண்ணளவுக்காரர் முகத்தில் திருப்தி பரவியது. மனைவி மட்டும், “ஐயோ, இந்தப் பொண்ணு நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?” என்றார்.

“இப்பத்தான் நல்லா இருக்கு. பழைய டிவி ஆளுங்களைப் பிழிஞ்சு காட்டிச்சு. உனக்கு அது பழகிப்போச்சு.”

சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகள் அறைக்குள் வந்து ஒரு நிமிடம் பார்த்தாள். “அப்பா, அங்க பாருங்க, சுவர்க் கடிகாரம் முட்டை மாதிரி இருக்கு.”

“மணி சரியா காட்டுதா இல்லையா?”

“காட்டுது.”

“அப்ப வாயை மூடு.”

பிளாஸ்மா ஒரு தொலைக்காட்சியாக மட்டும் இருந்ததில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அது ஓர் அடுப்பு. மழைக்காலத்தில் மனைவி ஈரத் துணிகளை அதன் முன்னால் கொடி கட்டி உலர்த்தினார். கோடைக்காலத்தில் அதைப் போட்டால் அறையில் இருந்தவர்களே உலர்ந்தார்கள். அது ஒரு வண்டும் கூட. ஒலியைக் குறைத்தால் உள்ளே ஏதோ ரீங்காரமிட்டது. “மூச்சு விடுது” என்றார் உரிமையாளர், ஏதோ கன்றுக்குட்டியைப் பற்றிச் சொல்வது போல. நாளெல்லாம் ஒரே செய்திச் சேனலை ஓடவிட்டதில் அந்தச் சேனலின் முத்திரை வலது மூலையில் நிரந்தரமாகப் பதிந்துவிட்டது. வேறு எதைப் போட்டாலும் அங்கே அது ஆவியாக நின்றது. விளையாட்டு வீரர்கள் அதனூடே ஓடிப்போனார்கள்.

“அண்ணே, டிவி கெட்டுப்போச்சு” என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

“எது? அதுவா? நல்ல துணி எல்லாத்திலயும் ஓரத்துல கம்பெனி முத்திரை இருக்கும். முத்திரை இல்லாத துணிதான் போலி. போய் வேலையைப் பாரு.”

இவ்வாறாக மாதங்கள் கழிந்தன. காலையிலிருந்து இருட்டும் வரை கண்ணளவுக்காரர் தரையில் குனிந்து வெட்டுவதும், நிமிர்ந்து திரையைப் பார்ப்பதும், குனிந்து தைப்பதும், நிமிர்ந்து பார்ப்பதுமாக இருந்தார். திரையில் மனிதர்கள் அகலமாகப் பேசினார்கள், அகலமாக அழுதார்கள், அகலமான கார்களில் ஏறிப் போனார்கள். அவர் கண் அதற்குப் பழகியது. பழகிய கண் வாசலைத் திரும்பிப் பார்த்தபோது, தெருவே இளைத்திருந்தது.

முதலில் இதன் பயனைப் பெற்றவர் மருந்துக்கடைக்காரர். எந்தக் கணக்கில் எடுத்தாலும் கனத்த மனிதர். சட்டைத் துணியோடு உள்ளே நுழைந்தவரைப் பார்த்துக் கண்ணளவுக்காரர் உண்மையான கவலையோடு எழுந்து நின்றார்.

“என்ன சார், உடம்புக்கு என்ன? இப்படி இளைச்சுப் போயிட்டீங்க?”

மருந்துக்கடைக்காரரின் வாழ்க்கையில் யாரும் அவரிடம் சொல்லாத வாக்கியம் அது. “நெஜமாவா?” என்றார்.

“நான் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது?”

அது உண்மைதான். அவர் பொய் சொல்லவில்லை. அடுத்து வந்த பள்ளி ஆசிரியையிடமும், காய்கறிக் கடைக்காரரின் மனைவியிடமும், ஓய்வுபெற்ற போலீஸ்காரரிடமும் அதே கவலையோடு அதே கேள்வியைக் கேட்டார். ஒரு தையல்காரர் அப்படிச் சொன்னால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? இன்னொரு சட்டை தைக்கக் கொடுப்பார்கள். தேவை இல்லாதவர்கள் கூடத் துணியோடு வந்து, வாசலில் சற்று நின்று, அவர் நிமிர்ந்து பார்க்கும் வரை காத்திருந்தார்கள். கடையில் அத்தனை கூட்டத்தை அதற்கு முன் யாரும் கண்டதில்லை. “பார்த்தியா? டிவி வந்த நேரம்!” என்றார் மனைவியிடம். டிவிதான் காரணம் என்பது சரி, அது எப்படிக் காரணம் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

பிறகு துணிகள் தைத்து வந்தன. எல்லாம் இறுக்கம்.

ஆனால் தெரு யாரைச் சந்தேகித்தது? தன்னையே. கண்ணளவுக்காரர் பார்த்தபோது இளைத்திருந்தோம், தைத்து வருவதற்குள் பருத்துவிட்டோம் என்று ஊர் ஒரே மனதாக முடிவு செய்தது. வீடுகளில் இரவுச் சாப்பாடு நின்றது. போலீஸ்காரர் விடிந்ததும் ஓட ஆரம்பித்தார். மருந்துக்கடை வாசலில் இருந்த எடை இயந்திரத்தின் முன் வரிசை நின்றது. அது எல்லாருக்கும் பழைய எடையையே காட்டியது. “இந்த மெஷின் சரியில்ல” என்று மருந்துக்கடைக்காரரே, தம் சொந்த இயந்திரத்தைப் பார்த்து, வயிற்றை எக்கிப் பட்டன் போட்டபடி சொன்னார். பிரித்துவிட்டுத் தரச் சொல்லிச் சிலர் துணியைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பிரிப்பதற்கு உள்ளே என்ன இருக்கிறது? ஒரு நூல் அகலம் கூட இல்லை. கொள்கை என்றால் கொள்கை.

உண்மையை வெளியே கொண்டுவந்தது லிஃப்ட் மெக்கானிக்கின் சீருடை. ஒரு பிற்பகல் அவர் முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டு, நண்டு போலப் பக்கவாட்டில் நடந்து கடைக்கு வந்தார்.

“அண்ணே, லிஃப்ட் நடுவழியில நின்னுபோச்சு. உள்ளே ஏழெட்டுப் பேர். நான் குனிஞ்சேன். உங்க துணி குனியல.”

திரும்பிக் காட்டினார். முதுகு கழுத்திலிருந்து இடுப்பு வரை கதவு போலத் திறந்திருந்தது.

“நீ பருத்துட்டே.”

“நான் பருக்கல அண்ணே! போன வருஷம் நீங்க தைச்ச சீருடை இன்னும் சரியா இருக்கு. பழசு சரி, புதுசு கிழிஞ்சா, நடுவுல யாரு மாறினது? நானா, உங்க கண்ணா?”

“என் கண்ணைப் பத்தி இன்னொரு வார்த்தை பேசினே…”

பின்னறையில் சட்டப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த மகள் எழுந்து வந்தாள். படிப்பு முடிந்து வழக்கறிஞராகப் பதிவும் ஆகி, அடுத்த வாரம் முதல் முதலாக நீதிமன்றம் ஏறப் போகிறவள். வாயில் பேனாவை வைத்துக்கொண்டு மெக்கானிக் மாமாவின் முதுகைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள். மெல்ல ரிமோட்டை எடுத்து அந்தப் பட்டனை அமுக்கினாள். செய்தி வாசிப்பவர் சடாரென்று நடுவில் ஒடுங்கி நின்றார்.

“ஐயையோ, இந்தப் பொண்ணுக்கு என்ன வியாதி?” என்றார் கண்ணளவுக்காரர்.

“வியாதி அவங்களுக்கு இல்லப்பா. நிஜமா அவங்க அளவே இதுதான். நீங்க மாசக்கணக்கா இழுத்துவிட்ட ஆளுங்களையே பார்த்துக்கிட்டு இருக்கீங்க. அதனால நிஜ ஆளுங்க எல்லாம் உங்களுக்கு ஒல்லியாத் தெரியுறாங்க. ஒல்லியா வெட்டுறீங்க.”

கண்ணளவுக்காரர் கையை நீட்டினார்.

“முடிஞ்சுதா உன் வாதம்? டிவி பார்த்தா கண்ணு கெடும்னு சொல்லிக் கேட்கிற வயசு எனக்குப் போயிடுச்சு. ரிமோட்டைக் கொடு.”

வாங்கினார். அமுக்கினார். பெண்மணி மறுபடி பரந்தார்.

“அப்ப சரிப்பா. என் கறுப்புக் கோட்டை நான் கடையில ரெடிமேடா வாங்கிக்கிறேன்.”

இதைவிட அவள் ஓர் அறை அறைந்திருக்கலாம். தையல்காரன் மகள், முதல் நாள், நீதிமன்றத்தில், ரெடிமேட் கோட்டில்! கோட்டுத் துணியை அவர் அவள் கல்லூரியில் சேர்ந்த அன்றே வாங்கி அலமாரியில் வைத்திருந்தார். கத்தரி அவர் கையில் திறந்தபடியே நின்றது.

“நாடாவை வச்சு அளந்து தைங்க, போட்டுக்கிறேன். இல்ல, டிவியைச் சரியான அளவுல வைங்க” என்றாள்.

“நாடாவும் தொடமாட்டேன், டிவியையும் தொடமாட்டேன். கோட்டும் நான்தான் தைப்பேன்.”

மனைவி தலையிட்டார். “இந்தா பாரு, அவர் தைக்கட்டும். கோர்ட்டுக்குப் போறதுக்கு முந்தின நாள் சாயந்தரம் போட்டுப் பாரு. கையைத் தூக்க முடிஞ்சா அதைப் போட்டுக்கிட்டுப் போ. முடியலேன்னா பஸ் ஏறிப் போய்க் கடையில வாங்கிக்க. அவரும் ஒண்ணும் சொல்லக் கூடாது. சரிதானே?”

இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. லிஃப்ட் மெக்கானிக் மட்டும், “என் முதுகு?” என்று கேட்டுப் பார்த்தார். அந்த வழக்கு ஒத்திவைக்கப்பட்டது.

அந்த வாரத்தில்தான் எங்கள் தெருவைக் குழாய் பதிக்கத் தோண்டினார்கள். தோண்டியவர்கள் மூடவில்லை. கேபிள் சேனலிலிருந்து ஒருவர் கேமராவோடு வந்து, யார் பேசுவீர்கள் என்று கேட்டார். இப்படி ஒரு கேள்விக்குக் கண்ணளவுக்காரர் பதில் சொல்லாமல் இருப்பாரா? பள்ளத்தின் விளிம்பில் நின்று நகராட்சிக்குச் சவால் விட்டார். “மூடுறீங்களா, இல்ல நானே இதைத் தைச்சு மூடவா?” என்றார். கூட்டம் கைதட்டியது.

மாலை அதை ஒளிபரப்பும்போது கடை நிறைந்து வழிந்தது. லிஃப்ட் மெக்கானிக் முன்வரிசை. கண்ணளவுக்காரர் காலையில் பேசும்போது போட்டிருந்த அதே சட்டையோடு, தம் கையால் வெட்டித் தம் கையால் தைத்த சட்டையோடு, திரைக்கு நேராக உட்கார்ந்தார்.

வந்தார். திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வந்தார்.

“அண்ணே, உங்க மேல டிவிக்கு ரொம்பப் பாசம்” என்றார் மெக்கானிக். “ஒரு ஆளு கேட்டோம், ஒண்ணரை ஆளு கொடுக்குது.”

“கேமராக்காரன் ரொம்பக் கிட்ட வந்து எடுத்துட்டான்” என்றார் கண்ணளவுக்காரர்.

சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆனது. அவரும் சிரித்தார். ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது தம் முகத்தை அல்ல. முகத்தைப் பற்றி எந்த மனிதனும் தனக்குச் சாதகமாக ஏதாவது சொல்லிக்கொள்வான்; கன்னம் உப்பியிருந்தால் வெயில் என்பான். அவர் பார்த்தது சட்டைப் பாக்கெட்டை. அவர் பாக்கெட் எப்போதும் அகலத்தைவிட உயரம் கூடுதலாக இருக்கும், ஆயிரக்கணக்கில் வெட்டியிருக்கிறார். திரையில் அது தபால் உறை போலப் படுத்துக் கிடந்தது. வெயிலில் பாக்கெட் உப்பாது.

தலையைக் குனிந்து நெஞ்சைப் பார்த்தார். பாக்கெட் மேல் உள்ளங்கையை வைத்தார். நிமிர்ந்து திரையைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். வந்தவர்கள் யாரும் கவனிக்கவில்லை. மனைவி கவனித்தார், கேட்கவில்லை. நெஞ்சு வலியாக இருக்குமோ என்று முதலில் பயந்ததாகவும், பிறகு முகத்தைப் பார்த்து அதைவிடப் பெரிய வலி என்று புரிந்துகொண்டதாகவும் பின்னால் சொன்னார்.

“பட்டனை அமுக்கிப் பார்க்கலாமா அண்ணே?” என்றார் மெக்கானிக்.

“என் வீட்டு டிவி நிறைஞ்சுதான் இருக்கும். பார்க்கப் பிடிக்கலேன்னா உன் வீட்டுக்குப் போய் உன் பெட்டியைப் பாரு.”

மறுநாள் கோட்டு வெட்டினார். நாடா கழுத்திலேயே தொங்கியது. திரை பரந்தே ஓடியது. மகளை வாசலில் நிறுத்தி ஒரு தடவை பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். “போ” என்றார். வழக்கமாகப் பட்டன் துளைக்குக் காஜா எடுப்பதும் உள்துணி வைத்துக் கைத்தையல் போடுவதும் மனைவியின் வேலை. இந்த முறை, “நானே பார்த்துக்கிறேன், நீ அடுப்பைப் பாரு” என்று கோட்டை வாங்கி வைத்துக்கொண்டார். மனைவி நல்ல கறுப்பு நூலை எடுத்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

நீதிமன்றத்துக்குப் போவதற்கு முந்தின நாள் மாலை, சொன்னபடி மகள் கோட்டைப் போட்டாள். தோள் கச்சிதம். கழுத்து கச்சிதம். காலர் படிந்த அழகைப் பார்த்து வேடிக்கைக்கு வந்த மெக்கானிக்கே தலையாட்டினார். நடுப் பட்டனைப் போட்டாள். போட்டதும் மூச்சைப் பிடித்தபடி நின்றாள்.

“கையைத் தூக்கு” என்றார் அம்மா.

பாதி தூக்கினாள். அதற்கு மேல் போகவில்லை. முதுகுத் தையல் முனகியது.

“அப்பா, ‘ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்’னு எழுந்து நின்னா, பட்டன் பறந்து போய் நீதிபதி மேல படும்.”

மெக்கானிக் வாயைத் திறந்தார். அம்மா பார்த்த பார்வையில் மூடினார். மகள் கோட்டைக் கழற்றி மெதுவாக நாற்காலியில் வைத்தாள். முகத்தில் ஜெயித்த களை இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினாள்.

“எங்கே கிளம்பிட்ட?” என்றார் கண்ணளவுக்காரர்.

“கடைக்குப்பா. மூடுறதுக்குள்ள போகணும். பேசினது பேசினதுதானே?”

“கோட்டு சரியாத்தான் இருக்கு.”

“எப்படிப்பா சரி? மூச்சு விட முடியல!”

“வேலை இன்னும் முடியலைன்னு சொல்றேன். முடியாத கோட்டைப் போட்டுப் பார்த்துட்டு முடிஞ்ச மாதிரி பேசுறே. செருப்பைக் கழட்டு. உட்காரு.”

கோட்டை எடுத்தார். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினார். மெஷின் இழுப்பறையிலிருந்து பிளேடை எடுத்து, உள்துணியின் ஓரத்துக் கைத்தையலை ஒவ்வொன்றாக அறுத்தார். மகள் ஒற்றைச் செருப்போடு வந்து நின்றாள். உள்துணியை விலக்கிப் பக்கத் தையலைப் பிரித்தார்.

உள்ளேயிருந்து துணி வந்தது. நல்ல கறுப்புத் துணி, இஸ்திரி போட்டு மடித்து வைத்தது. இடது பக்கம் நாலு விரல் அகலம். வலது பக்கம் நாலு விரல். முதுகு நடுவிலும் இருந்தது.

மனைவி குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார். “என்னங்க இது?”

“எது?”

“இது.”

“துணி.”

மெக்கானிக்கின் கண்கள் விரிந்தன. மகள் அவர் கையைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பி, “மாமா, உங்க வீட்ல கூப்பிடுறாங்க பாருங்க” என்றாள். யாரும் கூப்பிடவில்லை. அவர் போனார். வாய்தா வாங்கவும் குறுக்கு விசாரணை செய்யவும் படித்தவள் திரும்பி வந்து, ஒரு கேள்வியும் கேட்காமல், மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தையல்காரர் மிதிக்கத் தொடங்கினார். திரையில் எவரோ அகலமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கங்களில் இரண்டிரண்டு விரல் விட்டுத் தைத்தார். முதுகில் ஒரு விரல். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“போடு.”

போட்டாள். பட்டன் போட்டாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினாள், இறக்கினாள், மறுபடி தூக்கினாள்.

“இப்ப?”

“இப்ப சரிப்பா.”

“நான் சொல்லல?” என்றார்.

கோட்டை வாங்கி மறுபடி உள்பக்கம் திருப்பினார். விட்டது போக இரண்டு பக்கமும் இன்னும் இரண்டிரண்டு விரல் துணி மிச்சம் நின்றது. மனைவி கத்தரியை எடுத்து நீட்டினார். அவர் அதை வாங்கவில்லை. மிச்சத் துணியைக் கட்டைவிரலால் நீவி, பழைய மடிப்பிலேயே மடித்து, உள்துணியை அதன் மேல் இழுத்து மூடி, ஊசியில் நூல் கோத்தார்.